உறுமியும் வாஷிங்டன் வாலிபர்களும்

இசைக்கு லட்சணம் வகுப்பது எக்காலத்திலும் வாசித்தவர்கள் செய்த காரியமன்று. வாசித்தவர்கள் வாத்தியத்தை உறையிலிட்டு வீடு திரும்பிய பின்னர், கேட்டிருந்தவர்களில் சற்று ஆற அமர யோசிக்கிற சிலர் கூடிச் செய்த காரியமே அது. ஒரு சங்கீதம் மற்றொன்றிலிருந்து கிளைத்துப் பிரிந்ததாக இருந்துவிட்டாலோ, அந்தச் சிலருக்கும் வேலை கடினமாகிவிடுகிறது. 'பழையது இதுவல்ல' என்று சொல்ல எவராலும் முடிகிறது. 'அப்படியானால் இது எது?' என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. அமெரிக்காவில் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற பெயரால் சுமார் நாற்பது வருஷங்களாக வழங்கிவரும் இசையைப் பற்றி இத்தகைய விவாதம் இன்னும் ஓயவில்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களில் வேர்விட்டு, சிரம்பான் நகரத்தை ஒட்டிய லோபாக் போன்ற குடியிருப்புகளில் தலையெடுத்த உறுமி மேளத்தைப் பற்றியும் அதே விவாதம் உண்டு. அதை விவாதமென்று மதித்து எழுதிவைத்தவர்கள்தாம் குறைவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றின் லட்சணம் மற்றொன்றால் விளங்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம். முன்னதை அறிந்தவர் பின்னதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். பின்னதில் ஊறியவரோ முன்னதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளவும் கூடும். அதனால் ஒப்பீடு பொய்யாகிவிடாது.

லோபாக் பெரிய ஊரன்று. பட்டணத்தின் ஓரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி, வரிசை வீடுகள், கடைகள், அதே பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதைச் சூழ்ந்திருந்த பூமியின் சரித்திரம் அவ்வளவு சீக்கிரத்தில் முடிவதன்று. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கும் இடையே 1891ல் ரயில் ஓடத் தொடங்கியது. காப்பி போட்டுப் பார்த்த துரைமார்கள் பிற்பாடு ரப்பருக்கு மாறினார்கள். லிங்சம், பிராட்வால், கெர்பி, கொம்போக், ஆதர்டன், சுவா பெத்தோங், கைரோ என்று தோட்டங்கள் பெருகின. இந்தப் பெயர்களை இன்றைக்கும் உயிரோடு வைத்திருப்பவை பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளே. ஒப்பந்தக் கூலி முறை 1910ல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி ஊருக்குப் போய் உறவையும் அண்டை வீட்டாரையும் திரட்டிக்கொண்டு வரும் முறையே ஓங்கி நின்றது. 1938ல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் உதவி பெற்றுக் கப்பலேறுவதைத் தடுத்ததோடு அதுவும் அடங்கியது. கங்காணி முறையின் ஒரு விளைவு நம் விஷயத்துக்கு முக்கியமானது. தனித்தனி மனிதர்களாக அல்லாமல், கிராமத்தின் ஒரு துண்டாகவே ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ஆகையால் குலதெய்வமும் வந்தது, அத்தெய்வத்துக்கு அடிக்கவேண்டிய மேளமும் வந்தது, இன்னார்தான் அதை அடிக்கவேண்டும் என்ற ஏற்பாடும் கூடவே வந்தது.

விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு எழுந்து, பால் பிடிக்கும் மங்கும் உளியும் காண்டா வாளியுமாக ரப்பர் மர நிரையில் இறங்கி, பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயம் என்னும் வரிசை வீட்டுக்குத் திரும்பும் ஒரு ஜனக்கூட்டத்துக்கு, வருஷத்தில் ஒருமுறை வரும் மாரியம்மன் திருவிழா எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. பல தோட்டங்களில் அதற்கான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். துரைக்கு மாலை போட்டு முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். கரகம் பாலிக்கப் பம்பை, சாமியை அழைக்க உடுக்கை, ஊர்வலத்துக்குத் தப்பு, அருள் வந்தவர் ஆடுவதற்கு உறுமி என்று அவ்வவ் வேளைக்கு அவ்வவ் வாத்தியம் ஒலித்தது. இவற்றில் தப்பின் கதி தனி. மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டி, காய்ந்த சருகைக் கொளுத்தி அனல் காட்டி, ஒரு கையில் குட்டையான தடித்த குச்சியும் மறு கையில் நீண்ட மெல்லிய குச்சியுமாக அதை அடிக்கிறவன், திருவிழாவுக்கும் அடித்தான், சாவுக்கும் அடித்தான். அடிக்கமாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் அவனுக்கு இருக்கவில்லை. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டிருந்த சமூகத்தின் தலைமேல் ஏற்றிய கடமைகளில் அதுவும் ஒன்று. கடலைக் கடந்த பின்னும் அந்தச் சுமை இறக்கப்படவில்லை.

பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார். 1932ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935ல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கினார். தீமிதி, அலகு குத்துதல், சாமியாட்டம் ஆகியவற்றோடு அவற்றைச் சுற்றி ஒலித்த மேளங்களும் அநாகரிகத்தின் அடையாளங்களாக இவர்களுடைய கண்டனத்துக்கு உள்ளாயின. அதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மேளத்தின் மேல் ஏறியிருந்த இழிவை நீக்க மேளத்தையே நீக்குவது அன்றைக்கு நேர்வழியாகத் தோன்றியிருக்கும். சைவப் பற்றுள்ளவர்களும் வேறு காரணத்தால் அதே முடிவுக்கு வந்தார்கள்: படித்த குடும்பங்களுக்கு நாகசுரமும் தவிலும் போதும், மிஞ்சினால் ஆர்மோனியத்தோடு ஒரு பஜனை. பகுத்தறிவாளரும் ஆசாரசீலரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம்; தோட்டத்து மேளத்தை விரட்டுவதில் ஒத்துப்போனார்கள். என்றாலும் அது போகவில்லை. யுத்த காலத்தில் ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆட்களை வாரிக்கொண்டு போனபோது பல லயங்கள் வெறிச்சோடின. அதற்குப் பின் சங்கங்கள் எழுந்தன, பி. பி. நாராயணன் நெகிரி செம்பிலானில் தொடங்கிய தொழிற்சங்கப் பணி 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் வந்து கலந்தது. இவ்வளவுக்கும் ஊடே ஆடி மாதமானால் தப்பு சூடேறிக்கொண்டுதான் இருந்தது.

உறுமியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இடை சிறுத்து இரு புறமும் அகன்ற மரக்கூடு. இரண்டு பக்கமும் தோல். கழுத்திலிருந்து வாரினால் தொங்கும். ஒரு முகத்தை நேர்க்குச்சியால் தட்டுகிறார்கள். மறு முகத்தை, வளைந்த குச்சி ஒன்றைத் தோலின்மேல் அழுத்தி இழுத்துத் தேய்க்கிறார்கள். தட்டுகிற ஒலி வேறெந்த மேளத்திலும் கிடைக்கும். தேய்க்கிற ஒலிதான் உறுமிக்குப் பிரத்தியேகமானது. அழுத்தத்தைக் கூட்டினால் ஏறி, தளர்த்தினால் இறங்கி, சுரத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எங்கேயோ நின்று முனகும் அந்த ஒலியைத் தாளத்தில் சேர்ப்பதா ராகத்தில் சேர்ப்பதா என்று வித்துவான்கள் யோசிக்கட்டும். தமிழ்நாட்டில் ராஜகம்பளத்தார் தேவராட்டத்துக்கு இதே வாத்தியத்தைத் தேவதுந்துபி என்று போற்றி வைத்துக்கொண்டார்கள். பெருமாள் மாட்டுக்காரன் தெருத்தெருவாக அதை முழக்கினான். நையாண்டி மேளத்திலும் அதற்கு இடம் உண்டு. எங்கேயும் அது ஆட்டத்துக்கோ வேடிக்கைக்கோ துணையாகவே இருந்தது. அதன் பெயரால் ஒரு கோஷ்டியையே அழைப்பதும், நான்கைந்து உறுமிகளை வரிசையில் நிறுத்தி மற்ற மேளங்களை அவற்றுக்குத் துணையாக்குவதும் மலாயாத் தமிழன் செய்த மாறுதல்.

அந்த மாறுதல் எப்போது நேர்ந்தது என்பதை ஒரு தேதியில் ஆணியடித்துச் சொல்ல இயலாவிட்டாலும், ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்லலாம். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகவே, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தொழிலாளியின் பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கினார். அது ஓர் அணைதான். வெள்ளம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ரப்பர் விலை வீழ்ந்து, 1990ஐ ஒட்டி நாட்டில் செம்பனையின் பரப்பு ரப்பரை மிஞ்சிவிட்டது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். அதற்கும் மேல் பட்டணங்கள் பெருத்துத் தோட்டத்தை விழுங்கின. அண்டை மாநிலத்துச் சிப்பாங்கில் 1998ல் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டபோது, லாபு, நீலாய் வட்டாரங்களில் நிரைகள் நின்ற இடத்தில் நெடுஞ்சாலையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துகொண்டிருந்தன. வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தைப் பெற்றவர்கள் சாமியையும் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தார்கள். செனவாங் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. மலிவு விலை அடுக்ககத்தில் இடம் கிடைத்தது. பெரட்டுக் களம், கள்ளுக்கடைத் திண்ணை, ஆயாக்கொட்டகை, கோயில் மைதானம் என்று தோட்டத்தில் இலவசமாகக் கிடைத்திருந்த பொது இடம் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை சஞ்சய் குமார் பெருமாள் 2015ல் 'ஜகாட்' என்ற திரைப்படத்தில் காட்டினார். மறு வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த படமாகத் தேர்ந்தது.

இந்தப் பிள்ளைகளே உறுமியைக் கையில் எடுத்தார்கள். கடமைக்காக அல்ல, கூலிக்காகவும் முதலில் அல்ல. தகப்பன் வெட்கப்பட்டு மூலையில் சாய்த்துவைத்ததை மகன் ஆசைப்பட்டு எடுத்தான் என்றே சொல்லவேண்டும். காளியின் பெயரோ முனீஸ்வரன் பெயரோ மதுரை வீரன் பெயரோ பொறித்த சட்டை, ஒரே நிறத்தில் இருபது பேர், ஒரு வேன், அடுக்ககத்தின் கீழே கார் நிறுத்துமிடத்தில் இரவுப் பயிற்சி. குழுவுக்கு ஓர் அண்ணன், அவர் சொல்வதே சட்டம். சாதி பார்த்து யாரையும் சேர்ப்பதில்லை. குச்சி பிடிக்கத் தெரிந்தால் சரி. சீர்திருத்தக்காரர்கள் எழுபது வருஷம் பேசியும் முடியாத ஒரு காரியத்தை இவர்கள் பேசாமல் பாதியாவது முடித்துவிட்டார்கள் என்பதை, இவர்களைக் கண்டிக்கிறவர்கள் கவனிப்பதில்லை. தோலுக்குப் பதில் செயற்கை முகம் வந்தது, மழையில் நனைந்தாலும் தளர்வதில்லை. சருகு கொளுத்திச் சூடேற்ற வேண்டியதில்லை, திருகாணியை முடுக்கினால் போதும். நெகிரி செம்பிலானில் தைப்பூசம் அரசாங்க விடுமுறை நாள். அன்றைக்குச் சிரம்பானில் காவடி எடுப்பவருக்கு முன்னால் இந்தக் கோஷ்டி நிற்கிறது.

அவர்கள் வாசிப்பதைக் கிட்டே நின்று கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முதலில் மெதுவாக, பேச்சுக் குரலில், முன்பாட்டுக்காரன் தெய்வத்தின் பெயரைச் சொல்லி இரண்டு வரி பாடுகிறான்; பின்பாட்டு வாங்குகிறது; உறுமிகள் தேய்ப்பொலியை மட்டும் எழுப்பி முனகுகின்றன. தட்டு சேர்ந்ததும் காலம் ஏறுகிறது. ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற நிலையில், அத்தனை மேளமும் ஒரே அடியில் நின்றுவிடுகின்றன. காவடிக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி இருக்கிறார். அந்த ஒரு கணத்து நிசப்தத்தில் சலங்கை மட்டும் கேட்கிறது. பிறகு இடி. இந்த நிறுத்தத்தைக் கற்பதுதான் கடினம் என்று குழுவில் உள்ளவர்கள் சொல்வார்கள். அடிக்க எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிறுத்தத்தை முன்னிட்டே நான் வாஷிங்டனுக்குப் போகிறேன். அமெரிக்கத் தலைநகரத்தில் 1970களின் இறுதியில், பங்க் என்னும் முரட்டு ராக் இசையை இன்னும் முரடாக்கி, இன்னும் வேகமாக்கி, ஒரு பாட்டை ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிடுகிற வாலிபர்கள் தோன்றினார்கள். அந்த வேகத்தை அங்கே முதலில் காட்டியவர்கள் பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் குழுவினர். ஜாஸ் கலந்த இசை வாசித்துப் பழகிய விரல்களாதலால், அவர்களுடைய முரட்டுத்தனத்திலும் ஒரு துல்லியம் இருந்தது. அவர்களைப் பார்த்துக் கற்ற பள்ளிப் பிள்ளைகளில் இயன் மக்காய் என்பவர் தம் நண்பர் ஜெஃப் நெல்சனோடு 1980ல் டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு வெளியீட்டகத்தைத் தொடங்கினார். கச்சேரிகளில் சேர்ந்த காசே முதல். அவர்களுடைய மைனர் த்ரெட் குழு 1983ல் கலைந்தது. இந்த இசைக்கே ஹார்ட்கோர் என்று பெயர். குடியும் போதையும் வேண்டாம் என்று பாடிய குழுவைச் சுற்றியும், ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிச் சண்டையிடுவதற்கென்றே வருகிற கூட்டம் சேர்ந்தது. இசையோ ஒரே வேகத்தில் உறைந்து, இன்ன அடி இன்ன கத்தல் என்று சூத்திரமாகிவிட்டது. கிளர்ச்சியாகத் தொடங்கியது சடங்காகிவிட மூன்று நான்கு வருஷங்களே தேவைப்பட்டன.

1985ன் வேனிற்காலத்துக்கு 'புரட்சிக் கோடை' என்று அந்த வாலிபர்கள் தாங்களே பெயரிட்டுக்கொண்டார்கள். ஆமி பிக்கரிங் என்ற பெண் தாம் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து நண்பர்களுக்குச் சிறு கடிதங்கள் அனுப்பி, மறுபடி ஒன்று சேரவேண்டும் என்று தூண்டியதிலிருந்து அது ஆரம்பித்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்பிரேஸ் போன்ற குழுக்கள் பழைய உரத்த ஒலியை விடாமல், அதற்குள் ஏக்கத்தையும் சுயவிசாரணையையும் மெட்டையும் கொண்டுவந்தன. 1987ல் மக்காயும் ஜோ லாலியும், ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கிலிருந்து வந்த கய் பிச்சியாட்டோவும் பிரெண்டன் கேன்டியும் சேர்ந்து ஃபுகாசி என்ற குழுவானார்கள். பேஸ் கிதார் ரெகே சங்கீதத்திலிருந்து கற்ற நடையில் முன்னே நடக்க, இரண்டு கிதார்கள் ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்ப, ஒருவர் முழங்கவும் ஒருவர் விம்மவும், சட்டென்று எல்லாம் நின்று, காலியான ஒரு கணம் கழித்து மீண்டும் பாய்வது அவர்களுடைய பாணி. இதே காலத்தில் மினியாபொலிசில் ஹஸ்கர் டூ 1984ல் இரட்டைத் தட்டு ஒன்றை வெளியிட்டு ஹார்ட்கோருக்குள் நீண்ட கதையைச் சொல்லலாம் என்று காட்டியது; சிக்காகோவில் பிக் பிளாக் மேளக்காரனுக்குப் பதில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரும்பைச் சாணை பிடிப்பதுபோன்ற கிதார் ஒலியை எழுப்பியது; லூயிவில்லில் ஸ்லின்ட் 1991ல் கதை படிப்பதுபோல் முணுமுணுத்துக் கடைசியில் அலறியது. இத்தனையும் போஸ்ட்-ஹார்ட்கோர்தான். பிற்பாடு 1998ல் ஸ்வீடனின் ரெஃப்யூஸ்டும் 2000ல் டெக்சாஸ் எல்லையோர எல் பாசோவிலிருந்து அட் த டிரைவ்-இன்னும் உலகமெங்கும் கேட்கப்பட்டன. அதற்கடுத்த தலைமுறையில் கத்தலும் இனிய குரலும் மாறி மாறி வருவதே இலக்கணம் என்று கடைச்சரக்காகவும் ஆயிற்று. வேகத்தை வைத்து, ராகத்தை வைத்து, வாத்தியத்தை வைத்து இவற்றுக்கெல்லாம் பொது லட்சணம் தேடுகிறவர் தோற்றே போவார்.

ஃபுகாசியின் நடத்தையைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் ஐந்து டாலர். எந்த வயதினரும் வரலாம். சட்டை முதலிய சரக்கு விற்பதில்லை. பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் டிஸ்கார்டை விடவில்லை. கூட்டத்தில் ஒருவன் மற்றவர்களை இடித்துத் துன்புறுத்தினால் பாட்டை நிறுத்திவிடுவார்கள்; பெயர் சொல்லாத குறையாக அவனை அழைத்து, ஐந்து டாலரை உறையிலிட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். முன்னையோர் இசையிலிருந்து எதை விட்டார்கள், எதை விடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. வெறியை விட்டார்கள், உரத்த குரலை விடவில்லை. சூத்திரத்தை விட்டார்கள், தன் கையே தனக்கு உதவி என்ற ஏற்பாட்டை விடவில்லை. ஹார்ட்கோர் தன் உக்கிரத்தைக் காட்ட வேகத்தை நம்பியது. பின்வந்தவர்கள் அதே உக்கிரத்தை, எந்தக் கணத்தில் நிற்பது என்கிற கணக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். தாய் இசையின் வீரியத்தையும் தார்மிகத்தையும் வைத்துக்கொண்டு அதன் உருவத்தோடு வழக்காடும் இசை என்பதற்கு மேல் போஸ்ட்-ஹார்ட்கோருக்கு ஒரு லட்சணம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

உறுமி மேளத்துக்கும் இதுவே பொருந்துகிறது. தோட்டத்து மேளத்திலிருந்து அது கட்டாயத்தை விட்டது, சாதியை விட்டது, வேளைக்கொரு வாத்தியம் என்ற பிரிவினையை விட்டது; தெய்வத்தை விடவில்லை, அருள் வரவழைக்கும் பொறுப்பை விடவில்லை, பழைய அடிகளை விடவில்லை. அடிகளை விடாததில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாமிக்கு அடிப்பது வேறு, சாவுக்கு அடிப்பது வேறு என்ற பேதம் தோட்டத்துக் கிழவர்களுக்கு அட்சர சுத்தமாகத் தெரியும். பட்டணத்துப் பையனுக்கு எல்லாம் அடிதான். காவடிக்கு முன்னே பிணத்துக்குரிய நடை புகுந்துவிட்டால் முதியவர்கள் முகம் சுளிப்பது அதனால்தான். பையன் அதை அபசாரமாகச் செய்வதில்லை. நன்றாக இருக்கிறதென்று செய்கிறான்.

ஒப்பீட்டை இங்கேயே ஓர் எல்லைக்குள் நிறுத்தவேண்டும். வாஷிங்டன் பிள்ளைகளில் பலர் படித்த, வசதியுள்ள குடும்பத்தவர். விலகி நிற்பது அவர்களுக்கு ஒரு தேர்வாக இருந்தது. சிரம்பான் பிள்ளைகள் விலக்கப்பட்டவர்கள். ஐந்து டாலருக்கு மேல் வாங்கமாட்டேன் என்பது முன்னவருக்குக் கொள்கை. கோயில் கமிட்டி பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுத்தால் போதும் என்பது பின்னவருடைய நிலை. இசை ஒன்றுபோல் நிற்கிறது, நிற்கிறவர்களின் தரை ஒன்றல்ல.

அதிகாரிகள் மட்டும் எல்லாத் தேசத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறார்கள். சிங்கப்பூரில் தைப்பூச நடைபாதையில் கோஷ்டிகளுக்கிடையே கைகலப்பு நேர்கிறது என்று 1973ல் இசைக்கு விதித்த தடை நாற்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. 2015ல் மேளம் வாசித்தது பற்றிய தகராறில் மூவர் கைதாகி, அது பெரிய பேச்சாகி, மறு வருஷம்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. மலேசியாவிலோ 1992ல் நீண்ட தலைமயிர் வைத்த மலாய் ராக் பாடகர்களை வானொலி தொலைக்காட்சியிலிருந்து விலக்கி, கடைசியில் தகவல் அமைச்சரே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். 1991ல் உருவான கார்புரேட்டர் டங் முதலாகக் கோலாலம்பூரில் வளர்ந்த பங்க், ஹார்ட்கோர் கூட்டத்தார் கூடிவந்த அம்பாங் ருமா அப்பி என்ற இடத்தில், 2015 ஆகஸ்டு 28ந் தேதி இரவு போலீசார் புகுந்து சுமார் 160 பேரைப் பிடித்துப்போனார்கள்; மறுநாள் தூய தேர்தல் கோரும் பெர்சே பேரணி என்பது தற்செயலா என்று அன்றைக்கே கேட்டார்கள். உறுமிக் குழுக்களின்மேல் விழுந்த சந்தேகம் இன்னும் கடுமையானது. 2013ல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்ட பிறகு, சட்டையில் கும்பலைக் குறிக்கும் இலக்கம் இருந்தாலே குண்டர் என்று பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. சில குழுக்களில் அத்தகையோர் இருந்ததுண்டு; அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மேளத்தால் அவர்கள் வந்தார்களா, வேறு போக்கிடம் இல்லாததால் வந்தார்களா என்பதை விசாரித்தவர்கள் குறைவு.

1965ல் தோன்றிய மலேசிய இந்து சங்கமும் பிற சமய அமைப்புகளும் காவடிக்கும் மேளத்துக்கும் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டுப் பார்த்தன. சினிமா மெட்டு கூடாது, ஆபாசமான ஆட்டம் கூடாது, அச்சுறுத்தும் சட்டை கூடாது என்று அவை சொல்வதில் பெரும்பகுதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். சினிமா மெட்டைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம். தோட்டத்துக் கூத்துக்காரனும் அவன் காலத்து நாடக மெட்டுகளை எடுத்தே சாமி பாட்டு கட்டினான். கிடைத்த மெட்டில் தெய்வத்தை ஏற்றுவது இந்தச் சம்பிரதாயத்துக்குள் புதிதாக நுழைந்த குற்றமன்று. யோகி பி 2006ல் நட்சத்திராவோடு 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது மலேசியத் தமிழ் ராப்பை இசையென்று கொண்டாடிய பத்திரிகைகள், உறுமியை மட்டும் ஒழுங்குப் பிரச்சினையாகவே எழுதின. ஒன்றுக்கு ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது, மற்றொன்றுக்குத் தெரு என்பதைத் தவிர இந்தப் பேதத்துக்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

ஃபுகாசி தங்கள் கச்சேரிகளை அன்றன்றே பதிவுசெய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் எண்ணூறுக்கும் மேற்பட்ட அந்தப் பதிவுகள் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கின, விலை அப்போதும் ஐந்து டாலர்தான். நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தப்படிக்கு அத்தகைய பண்டசாலை எதுவும் கிடையாது. அதைத் தேடுகிறவர் இந்தப் பையன்களிடமே போகவேண்டும், அவர்கள் தலைகீழாக்கி வைத்திருப்பதிலிருந்துதான் அதைப் பிரித்தெடுக்கவேண்டும். இப்போதெல்லாம் கோயில் நிர்வாகங்கள் குழுவை அமர்த்தும்போதே நிபந்தனைகளைப் படித்துக் காட்டிவிடுகின்றன: பக்திப் பாடல் மட்டுமே, சட்டையில் இலக்கம் கூடாது, இன்ன நேரத்துக்கு மேல் மேளம் கூடாது. குழுவின் அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டி முன்பணம் வாங்கிக்கொள்கிறார். ஊர்வலம் கோயில் வாசலைத் தாண்டித் தெருமுனையில் திரும்பியதும் எந்த மெட்டு கிளம்பும் என்பது அவருக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும்.